பதினான்காம் எண் குழாய்

பன்றிக்கு ரத்தம் எடுப்பது மாட்டுக்கு எடுப்பது போல இல்லை. மாட்டின் கழுத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் நரம்பு கயிறு போலப் புடைத்து நிற்கும். பன்றிக்குத் தோலும் கொழுப்பும் மூடிக் கிடப்பதால் ஒன்றும் தெரியாது. மேல்தாடையில் சுருக்குப் போட்டு ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். அது ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தும். கழுத்தும் மார்பும் சேருகிற பள்ளத்தில், கண்ணுக்குப் படாத நரம்பை மனதால் கண்டு ஊசியை இறக்க வேண்டும். இராஜாங்கத்துக்கு முதல் குத்திலேயே கிடைத்துவிடும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகிற சாலையில், ஓர் ஆராய்ச்சித் திட்டத்துக்காக வாடகைக்கு எடுத்திருந்த ஆய்வுக்கூடத்தில் அவர் உதவியாளர். அதற்கு முன் பத்தொன்பது வருஷமாகத் திட்டம் திட்டமாக ஆட்டு ரத்தமும் கோழி ரத்தமும் எடுத்தவர். திட்டம் முடிந்தால் வேலை முடியும்; அடுத்த திட்டத்துக்கு யாராவது கூப்பிடுவார்கள். இராஜாங்கம் போனால் குழாய் உடையாது, எண் மாறாது என்று ஒரு பேர் இருந்தது. கூப்பிடுகிறவர்கள் அந்தப் பேருக்காகத்தான் கூப்பிட்டார்கள்.

ஊர் திருவாரூர்ப் பக்கம். அப்பா அரசப்பன் பண்ணையாள். குடியிருந்த மனை பண்ணைக்குச் சொந்தம். வாய் வார்த்தை தடித்தால் கூரையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்வார்கள். எழுபதுகளில், குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வந்து பட்டா கொடுத்தபோது, அரசப்பன் அதை மூங்கில் குழாயில் சுருட்டிப் போட்டு, கூரை இறங்குகிற இறவாணத்தில் செருகி வைத்தார். வெள்ளம் வந்தால் முதலில் அந்தக் குழாயைத்தான் எடுப்பார். வெள்ளம் வருஷம் தவறாமல் வந்தது. கொடுத்த மனை தாழ்ந்த மனை. ஐப்பசி, கார்த்திகையில் அடுப்புக்குள் தவளை உட்கார்ந்திருக்கும்.

தெருவுக்கு எதிரே வடிகால் வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டி ஆள் உயரத்துக்கு மேடாக ஒரு திடல். எந்த வெள்ளத்திலும் அது முழுகியதில்லை. அங்கே பன்றி வளர்க்கிற ஏழு குடும்பங்கள் முப்பது வருஷமாக இருந்தன. புறம்போக்கு, யார் பேரிலும் காகிதம் இல்லை. திடலுக்கு அப்பால் சுடுகாடு. நடுவில் பன்றிப் பட்டிகள் அடைத்துக் கிடந்ததால், தெருக்காரர்கள் பிணத்தை வயல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். நட்ட பயிரை மிதித்ததற்கு வயல்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே அழுதார்கள். அரசப்பனையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். இராஜாங்கம் முன்பக்கம் தோள் கொடுத்திருந்தார். முழங்கால் அளவு சேறு.

பன்றிக் காய்ச்சல் என்று ஊரெல்லாம் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு திரிந்த அந்த வருஷம்தான் இந்தத் திட்டம் வந்தது. மனிதர்களிடமிருந்து அந்தக் காய்ச்சல் பன்றிகளுக்குத் தொற்றியிருக்கிறதா என்று பார்க்க எந்தச் சோதனை நம்பகமானது என்று ஒப்பிட வேண்டும். பொறுப்பாளர் டாக்டர் அருள்செல்வி, தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக் கண்ணை மூடி ஒரு நிமிஷம் உட்கார்ந்திருப்பார். மற்ற நேரத்தில் யாரையும் உட்கார விடமாட்டார்.

"சோதனை மூணு, இராஜாங்கம்," என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார். "மூக்கைத் துடைச்சு அட்டையில விட்டா கால் மணி நேரத்துல கோடு விழும், விழாமலும் போகும். அதே மூக்குத் துடைப்பை மெஷின்ல போட்டா கிருமி துளி இருந்தாலும் பெருக்கிக் காட்டும். மூணாவது ரத்தம். மூக்கு இன்னிக்குச் சேதி சொல்லும். ரத்தம் பழைய சேதி சொல்லும். நோய் வந்துட்டுப் போயிருந்தா, அதை எதிர்த்து நின்ன பொருள் ரத்தத்துல தங்கியிருக்கும்."

"பழைய சேதி எதுக்கு மேடம்?"

"மூணும் எங்கே ஒத்துப்போகுது, எங்கே முரண்டு பிடிக்குதுன்னு பார்க்கத்தானே இந்த வேலையே. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. ஒரு மந்தைன்னா மந்தை முழுக்க எடுக்கணும். ஒரு உருப்படி விட்டுப்போனாலும் அந்த மந்தையைக் கணக்குல சேர்க்க முடியாது."

திடலைக் காட்டிக்கொடுத்தவர் இராஜாங்கம்தான். தெரிந்த இடம், கூப்பிட்டால் ஒத்துழைப்பார்கள் என்றார். மாசி மாதத்தில் ஒரு காலை, டாக்டர் வேறு ஊரில் கூட்டத்துக்குப் போயிருக்க, இரண்டு ஆட்களோடு அவரே போனார். இருபத்தாறு பன்றிகள், இருபத்தாறு குழாய்கள்.

திடலில் பேச்சு எல்லாம் ராமாயியிடம்தான். நாற்பது வயது இருக்கும். கணவன் இல்லை. செவ்வந்தி என்று ஒரு மகள், பன்னிரண்டு வயது. ராமாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏன் சார், மனுசனுக்கு வந்த நோயைப் பன்னி தலையில கட்டப் பார்க்கிறீங்களா?"

"இல்லக்கா. கட்டியிருக்காங்களான்னு பார்க்கத்தான் வந்திருக்கோம்."

"நல்லாப் பேசுறீங்க. வாய்க்காலுக்கு அந்தாண்ட அரசப்பன் மவன்தானே நீங்க? எங்க ஊட்டு வாசல்ல நீங்க கால் வெச்சு இன்னிக்குத்தான் பார்க்குறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இராஜாங்கமும் சிரித்தார். பிறகு சொன்னார்: "இதனால உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது. நான் பொறுப்பு."

பதின்மூன்று வரை தடையில்லாமல் நடந்தது. பதின்மூன்றாவது ஒரு தாய்ப்பன்றி. அதைச் சுருக்கில் வைத்திருக்கும்போதே ஆட்கள் அடுத்ததைப் பிடிக்கப் போனார்கள். காது கிழிந்த கறுப்பு ஆண் ஒன்று, வேப்பமரத்தடியில் தனியாகக் கட்டியிருந்தது. ராமாயி குறுக்கே வந்து நின்றாள்.

"அது வேண்டாம் சார். அது காத்தாயி அம்மனுக்கு நேர்ந்து விட்டது."

செவ்வந்திக்கு ஐந்து வயதிலிருந்து வலிப்பு. நேர்ந்துவிட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது, ஒரு தடவைகூட வரவில்லை. ஆடியில் பூசை. நேரும்போது காதைக் கிழிப்பார்கள். அதற்குப் பிறகு பூசை நாள் வரைக்கும் அதன் உடம்பில் இரும்பு படக்கூடாது. சுருக்குக் கம்பியும் இரும்பு, ஊசியும் இரும்பு.

"ஒரு சொட்டுதான்க்கா."

"ஒரு சொட்டுன்னாலும் இரும்பு இரும்புதானே?"

அந்தப் பெண் மரத்தடியில் உட்கார்ந்து பன்றியின் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தாள். இவர்கள் பேசுவது தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்து தலையை நிமிர்த்தாமல் இருந்தாள். இராஜாங்கம் கையில் பதினான்கு என்று எழுதிய குழாய். எடுக்காமல் விட்டால் மந்தையே கணக்கில் வராது. பிடிவாதமாக எடுத்தால் திடலில் இனி ஒருவரும் முகம் கொடுக்க மாட்டார்கள். பதின்மூன்றாவது இன்னும் சுருக்கில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவர் திரும்பி அதன் கழுத்திலேயே இன்னொரு ஊசி இறக்கினார். பதினான்காம் குழாய் நிரம்பியது. மூக்கையும் இரண்டாம் தடவை துடைத்துக்கொண்டார்.

ராமாயி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். போகும்போது ஒரு செம்பில் மோர் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார். அந்தத் தெருக்காரர் ஒருவர் திடலில் வாய் நனைத்தது அதுவே முதல் தடவை.

ஆய்வுக்கூடத்தில் அட்டைகள் இருபத்தாறிலும் கோடு விழவில்லை. மெஷினும் ஒன்றும் காட்டவில்லை. ரத்தச் சோதனைக்குக் கோழியின் சிவப்பணு வேண்டும். அந்தக் கோழியையும் இராஜாங்கம்தான் வளர்த்தார். சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக உள்ள தட்டில், ரத்தநீரைப் பாதிப் பாதியாக நீர்க்க வைத்துக்கொண்டே போய், செத்த வைரஸைச் சேர்த்து, கடைசியில் சிவப்பணுவை விடுவார்கள். எதிர்க்கிற பொருள் இல்லாவிட்டால் சிவப்பு மெல்லிய படலமாகக் குழி முழுக்கப் பரவும். இருந்தால் குண்டூசித் தலை போல ஒரு புள்ளியாக அடியில் இறங்கி நிற்கும்.

டாக்டர் தட்டை வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பார்த்தார். எல்லா வரிசையும் படலம். இரண்டு வரிசையில் மட்டும் புள்ளிகள்.

"பதிமூணு, பதினாலு. ரெண்டும் ஒரே குழி வரைக்கும் போகுது பாருங்க. ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி."

"அப்படின்னா மேடம்?" என்றார் இராஜாங்கம்.

"ஒண்ணு மட்டும் வந்திருந்தா நான் எழுதியிருக்க மாட்டேன். வேற ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கும், மறுபடி பார்க்கணும்னு வெச்சிருப்பேன். ரெண்டு ஒண்ணுக்கொண்ணு சாட்சி சொல்லுது. மழைக்காலத்துல அந்த மந்தைக்குள்ள நோய் வந்து ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குப் பரவிட்டுப் போயிருக்கு. இப்ப மூக்குல இல்ல. இதைத்தான் நாம தேடிக்கிட்டிருந்தோம், இராஜாங்கம்."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை இராஜாங்கம் பார்த்ததில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். கோழிக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று வெளியே போனார்.

இப்படி எதுவும் தெரிந்தால் மேலே எழுத வேண்டும் என்பது திட்டத்தின் விதி. டாக்டர் கவனமாகத்தான் எழுதினார்: இரண்டு பன்றிகளின் ரத்தத்தில் பழைய தொற்றின் அடையாளம், இருபத்தாறின் மூக்கிலும் இப்போது வைரஸ் இல்லை, அச்சம் தேவையில்லை. மேலே போன காகிதத்தில் முதல் வரியை மட்டும் படித்தார்கள். பத்து நாளில் உத்தரவு வந்தது. ஒரு வாரத்துக்குள் திடலிலிருந்து பன்றிகளை அப்புறப்படுத்த வேண்டும். பட்டிகளோடு குடியிருக்கிற கொட்டகைகளையும்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனபோது அக்கா வேம்பு கறி எடுத்திருந்தாள். அக்காளின் கணவர் துரைராசு ஆளுங்கட்சிக் கிளைக்கு எல்லாமாக இருந்தவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார்.

"வா மாப்ள. முப்பது வருசமா மனு எழுதி எழுதி என் கை தேஞ்சு போச்சு. நீ ரெண்டு சொட்டு ரத்தத்துல முடிச்சுட்டே."

"நான் எதையும் முடிக்கல மச்சான்."

"அட, தன்னடக்கத்தைப் பாருடி உன் தம்பிக்கு. திடல் நமக்குத்தான். இலவச மனைப்பட்டாவுல எடுத்துக் கொடுக்கிறதாப் பேசியாச்சு. முப்பத்திரண்டு மனை, நடுவுல சுடுகாட்டுக்குப் பாதை. உங்க அப்பனைச் சேத்துல தூக்கிக்கிட்டுப் போனோமே, இனிமே எவனும் அப்படிப் போக வேண்டாம்."

வேம்பு சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஒரே ஆசைதான் தம்பி. ஒரு கார்த்திகையாவது தரையில பாய் விரிச்சுப் படுக்கணும்."

இராஜாங்கம் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு குழாய் விஷயத்தைச் சொன்னார். துரைராசு கேட்டு முடிக்கும்வரை மெல்லவில்லை.

"இதை வேற யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல."

"சொல்லாத. சொன்னா வேலை போகும், பேரு போகும். அது உன் பாடு. இந்தத் தெருவுக்கு என்ன பதில் சொல்லுவ?"

"அங்க ஏழு குடும்பம் இருக்கே மச்சான்."

"இங்க முப்பத்திரண்டு இருக்கே மாப்ள."

வேம்பு தம்பியின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

நாலு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் டாக்டர் டப்பாவைத் திறந்து கண்ணை மூடியிருந்தபோது எதிரே போய் நின்றார். டாக்டர் கண்ணைத் திறந்ததும் சொன்னார். டாக்டர் டப்பாவை மூடிவிட்டார்.

"பத்தொன்பது வருசமா ஒரு எண் மாறினதில்லைன்னு சொல்வாங்களே உங்களை."

"ஆமா மேடம்."

"நீங்க கொடுத்த எண்ணை நான் திருப்பிக்கூடக் கேட்டதில்ல, இராஜாங்கம்."

அன்றைக்கே கடிதம் அடித்தார். இரண்டு என்று எழுதியது பிழை. ஒரே பன்றியின் ரத்தம் இரு எண்களில் வந்துவிட்டது. திடல் மந்தையின் முடிவுகளைத் திரும்பப் பெறுகிறோம். உத்தரவை நிறுத்தி வைத்து, மீண்டும் மாதிரி எடுக்க அவகாசம் தர வேண்டும். இராஜாங்கத்தின் பேரை அதில் போடவில்லை. கடிதத்தை டாக்டரே கையில் கொண்டுபோய், உத்தரவு போட்ட அதிகாரியிடம் கொடுத்தார். இராஜாங்கம் சுவரோரம் நின்றார். அதிகாரி இரண்டு முறை படித்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை.

"முடிவுகளைத் திரும்ப வாங்குறீங்கன்னா, எல்லாத்தையுமா மேடம்?"

"மந்தை முழுக்க. பாதியை வெச்சுக்கிட்டுப் பாதியை விட முடியாது."

"அப்ப மூக்குல வைரஸ் இல்லேன்னு எழுதினீங்களே, அதுவும் போச்சு."

அதிகாரி கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார்.

"நோய் இருக்குன்னு சொல்லவும் காகிதம் இல்ல, இல்லேன்னு சொல்லவும் காகிதம் இல்ல. காய்ச்சல் வருசம். தெரியாத மந்தையை ஊருக்குள்ள நான் எப்படி வெச்சுக்கிறது? உத்தரவு உத்தரவாவே இருக்கட்டும். வேணும்னா நாளைக்குள்ள எடுத்துக் கொடுங்க, பார்க்கிறேன்."

இராஜாங்கம் அதுவரை ஒன்றை நம்பிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் கட்டியது அவிழ்ந்துவிடும் என்று. அது இன்னும் இறுகியதைச் சுவரோரம் நின்றபடி பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் குழாய்களோடு திடலுக்குப் போனார்கள். பட்டிகள் திறந்து கிடந்தன. சும்மா போகிறதை எதற்கு விடுவது என்று, திடல்காரர்கள் முந்தின நாள் சாயங்காலமே பன்றிகளைக் கிடைத்த விலைக்கு வியாபாரி லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் காது கிழிந்தது ஒன்றுதான் நின்றது.

டாக்டர் விளக்க முயன்றார். ராமாயி அவரைப் பார்க்கவில்லை. இராஜாங்கத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"இதுல எடுத்தா இடம் நிக்குமா?"

"எடுத்துப் பார்க்கலாம்க்கா," என்றார் இராஜாங்கம்.

ராமாயி மகளைக் கொட்டகைக்குள் போகச் சொன்னாள். செவ்வந்தி போகவில்லை, மரத்துக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பன்றியின் பின்னங்காலை ராமாயியே பிடித்தாள். இராஜாங்கம் சுருக்குக் கம்பியைப் போட்டார். அவர் வாழ்நாளில் முதல் தடவையாக நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாம் குத்தில்தான் ரத்தம் வந்தது. ராமாயி கறுப்பு முதுகில் சிந்திய சொட்டை முந்தானையால் துடைத்தாள். மறுபடி மறுபடி துடைத்தாள்.

பதினான்காம் எண் என்று புதுக் குழாயில் எழுதினார். அட்டையில் கோடு இல்லை. மெஷினில் ஒன்றும் இல்லை. தட்டில் கடைசிக் குழி வரை மெல்லிய சிவப்புப் படலம், புள்ளியே இல்லை. மூன்று சோதனையும் ஒத்துப்போன சுத்தமான பன்றி. ஒற்றைப் பன்றியின் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. ஏழாம் நாள் பொக்லைன் வந்தது.

திட்டம் முடிந்து டாக்டரின் கட்டுரை அச்சானபோது ஒரு பிரதி இராஜாங்கத்துக்கும் அனுப்பியிருந்தார். இங்கிலீஷ் அவருக்கு ஓடாது; எண்கள் ஓடும். அட்டவணையில் ஒன்பது மந்தைகள் இருந்தன. திடல் இல்லை. பிழையான மந்தையை நீக்குவதுதான் முறை என்று அவருக்கும் தெரியும். இருபத்தாறு வரிசைகளும் எங்கேயும் இல்லை. அப்படி ஒரு மந்தை இருந்தது, அதற்கு நோய் இல்லை என்று சொல்ல இனி ஒரு காகிதமும் கிடையாது.

திடல் காலியான வருஷம் கார்த்திகையில் பெருவெள்ளம். தெருக்காரர்களுக்குத் திடலில் மனை அளந்து கல் நட்டாகிவிட்டது. வேம்பு கீற்றுக் கொட்டகை போட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். திடல்காரர்கள் ஆற்றுப் படுகையில் போய் இருந்தார்கள். அவர்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு இராஜாங்கம் போனார். வகுப்பறை மூலையில் ராமாயி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் செவ்வந்தி தூங்கிக்கொண்டிருந்தாள். இடது முன்கை முழங்கை வரைக்கும் வெந்து, புதுத்தோல் ரோஸ் நிறத்தில் பளபளத்தது.

"அடுப்புல விழுந்துட்டா," என்றாள் ராமாயி. எப்படி விழுந்தாள் என்று அவர் கேட்கவில்லை.

வலிப்புக்கு மருந்து நிறுத்தியிருப்பார்களா, மருந்து எப்போதாவது கொடுத்தார்களா என்று படித்தவர்கள் கேட்கலாம். இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமில்லை என்று இராஜாங்கத்துக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் ஊசியைத் தொடவில்லை. அடுத்த திட்டத்துக்குக் கூப்பிட்டபோது கை நடுங்குகிறது என்று சொன்னார். நடுங்கவில்லை. நன்னிலத்தில் ஒரு உரக்கடையில் மூட்டை இறக்குகிற இடத்தில் எண்ணிக்கை பார்த்தார்.

திடலில் அக்கா வீட்டுக்குக் கடைசிவரை போகவில்லை. பண்டிகைக்கு வேம்புதான் தூக்குச்சட்டியோடு வாய்க்காலைத் தாண்டி வருவாள். தாழ்ந்த தெருவில் அவர் வீடு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

கஜா புயலுக்கு முந்தின வருஷம் ஐப்பசியில் இராஜாங்கம் இறந்தார். சம்பா நட்டு வயலெல்லாம் தண்ணீர் நின்ற நேரம். திடல் நடுவே பாதை இருந்தது, சிமெண்டுப் பாதை. துரைராசு அலைந்து வாங்கியது. பாடையைத் தூக்கியதும் எல்லோரும் அந்தப் பக்கம்தான் திரும்பினார்கள். வேம்பு போய்க் குறுக்கே நின்றாள்.

"அந்த வழியா வேண்டாம். தம்பி சொல்லிட்டுப் போயிருக்கான்."

"என்னடி சொல்ற?" என்றார் துரைராசு. "இந்தப் பாதைக்கு நாம பட்ட பாடு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அவன் போகமாட்டேன்னு சொல்லிட்டான்."

துரைராசு சிமெண்டுப் பாதையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முன்பக்கம் தோள் கொடுத்து, வரப்பில் இறங்கினார். முழங்கால் வரைக்கும் சேறு. வயல்காரன் மேட்டில் நின்று திட்டிக்கொண்டிருந்தான்.